ஓர் உதை தூரம்

கடலில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் ஜனங்கள் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்பார்கள். "சுறாவைப் பாத்திருக்கீங்களா?" என்பது ஒன்று. "வேலை பர்மனென்ட்டா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் புல்லக்காவிடம் பதில் இருந்தது. ஒன்பது வருடத்தில் இரண்டு சுறாக்களைப் பார்த்திருந்தாள். இரண்டுமே இவளைப் பார்த்த மாத்திரத்தில் ஓட்டம் பிடித்தன. இரண்டாவது கேள்விக்குத்தான் ஒன்பது வருடமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள்.

புல்லக்கா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. கடல் ஆராய்ச்சி நிலையத்துப் படகோட்டி கிண்டலுக்கு வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. கடலுக்கு அடியிலும் புல் முளைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. பாசி இல்லை, வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள அசல் புல். மீன்குஞ்சுகள் பெரிய மீன்களின் வாய்க்குத் தப்பி ஒளிந்து வளர்வது அதற்குள்தான். நிலையத்தை ஒட்டிய குடாவில் அந்தப் புல் ஒரு காலத்தில் பாய் விரித்ததுபோலக் கிடந்தது. பிறகு உல்லாசப் படகுகள் வந்தன. வந்தவை நங்கூரம் போட்டன. நங்கூரம் போட்ட இடத்தில் சும்மா கிடக்குமா? சங்கிலியோடு இழுபட்டு, வட்டம் வட்டமாகப் புல்லை வேரோடு வழித்துப் போட்டது. மூன்று வருடத்துக்கு முன் துறைமுக அலுவலகம் விழித்துக்கொண்டு, குடாவில் நங்கூரம் போடத் தடை விதித்தது. தடையால் புல் திரும்பி வருகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை மூழ்கி எண்ணிச் சொல்வது புல்லக்காவின் வேலை.

புல் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தது. இவள் கணக்குப்படி, இந்த வருடம் முதல் வருடத்தைப் போல இரண்டு மடங்கு. இந்தக் கணக்கோடு அறிக்கை போனால், புல் மீண்டுவிட்டது என்று தடை நீங்கிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், நிலையத்தில் ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு நிரந்தர இடம் வந்திருந்தது. வியாழக்கிழமை நேர்காணல். நிலையத்தின் டைரக்டர் அம்மாள், "உனக்காகத்தான்மா கேட்டு வாங்கினேன். உன் புல்லுக் கணக்கைக் காட்டு, போதும்" என்று வாய்விட்டே சொல்லியிருந்தார். வருடா வருடம் ஒப்பந்தம் நீளுமா நீளாதா என்று நகம் கடித்துக் கடித்து, கடிக்க நகம் இல்லாமல் போயிருந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் ஒரு சின்ன முள். அறிக்கைக்கு முன்னால் இரண்டாவது ஆள் ஒருவர் மூழ்கி மறுகணக்கு எடுக்க வேண்டும் என்பது விதி. அதை எடுத்தவர் வெல்டர். பதினைந்து வருடம் கப்பல்களின் அடிவயிற்றில், தண்ணீருக்குள்ளேயே வெல்டிங் செய்தவர். "இரும்பைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு, உயிருள்ளதைப் பாக்கலாம்னு வந்தேன்" என்று நாலு மாதம் முன்பு இங்கே வந்து சேர்ந்தார். மறுகணக்குக்கு இவளும் கூடப் போயிருப்பாள். காதில் சீழ் வைத்ததால் டாக்டர் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். வெல்டர் மட்டும் போய் எண்ணிக்கொண்டு வந்த கணக்கு இவளுடையதில் பாதிகூட இல்லை.

வெள்ளிக்கிழமை டைரக்டர் அறையில் பஞ்சாயத்து நடந்தது. உப்புக்காற்றில் துருவேறிய அலமாரி, 'உணவு வைக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டிய குளிர்பெட்டி, அதற்குள் எல்லோருடைய மதியச் சாப்பாடு.

"என்னம்மா இது, இவ்வளவு வித்தியாசம்?" என்றார் டைரக்டர்.

"கண்ணு பழகல மேடம். புதுசா வர்றவங்க சின்னத் தளிரை மணல்னு நினைச்சு விட்டுடுவாங்க. எனக்கும் முதல் வருஷம் அப்படித்தான் ஆச்சு" என்றாள் புல்லக்கா. மனதறிந்து பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள்.

வெல்டர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை எண்ணினேனே மேடம்" என்றார்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டைரக்டர் அந்தத் தாளின் மேல் 'பயிற்சிக் கணக்கு' என்று எழுதி ஓரமாக வைத்தார். வெல்டரின் பயிற்சிக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். அறையை விட்டு வெளியே வரும்போது புல்லக்கா அவரிடம், "கவலைப்படாதீங்கண்ணே, போகப் போகப் பழகிடும்" என்று ஆறுதல் வேறு சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா மருந்துக்கடை வைத்திருப்பவள். வீட்டிலும் எல்லாவற்றையும் வேளைக்கு ஒன்றாகப் பிரித்து வைப்பாள். அவள் மகளுக்குப் பெயர் குட்டி. பதினாறு வயதில் அம்மாவையும் அப்பாவையும் தாண்டி வளர்ந்து, கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளும் குட்டி. அடுத்து என்ன படிப்பது என்று பள்ளியில் படிவம் கொடுத்திருந்தார்கள். குட்டி கடல் அறிவியல் என்று எழுதியிருந்தாள். பெற்றவர் கையெழுத்து போட வேண்டிய இடம் மட்டும் இரண்டு வாரமாகக் காலியாகக் கிடந்தது. வரும் சனிக்கிழமை பள்ளியில் தொழில் வழிகாட்டி நாள் வேறு. அதற்காக, கடல் படித்தால் என்னென்ன வேலை கிடைக்கும் என்று ஒரு முழ நீளத்துக்குப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள்.

அத்தான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அதை உரக்கப் படித்தார். "கடலடி வரைபடம் வரைபவர். சரி. அலை அளக்கும் கருவி பழுதுபார்ப்பவர். சரி. கடல் சட்ட வழக்கறிஞர், அது சண்டை போடுற வேலை, உனக்குப் பொருந்தும். ஆமை முட்டைக் காவல்... காதுக்கல்லைப் பார்த்து மீனுக்கு வயசு கணிப்பவர். மீனுக்கு வயசு பாத்து என்ன பண்ணப் போறாங்க? பொண்ணு கொடுக்கப் போறாங்களா?"

"எந்த வயசு மீனைப் பிடிக்கலாம்னு முடிவு பண்றதுக்குப்பா!"

"எல்லாம் சரிடி. இதுல எது பர்மனென்ட்?" என்றாள் அக்கா. அக்காவுக்கு ஊசி குத்தும் இடம் நன்றாகத் தெரியும். தங்கையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். "உன்னைக் குத்திக்காட்டலடி. ஒன்பது வருஷம் நீ பட்டதைப் பாத்தவ நான். ஒவ்வொரு வருஷமும் அந்த லெட்டர் வர்ற வரைக்கும் சாப்பாடு இறங்காது உனக்கு. அதையே என் பொண்ணும் படணுமா?"

"வியாழக்கிழமை கிடைச்சிடும்கா."

"கிடைக்கட்டும். கிடைச்ச அன்னிக்கே இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடுறேன். இது சத்தியம். கிடைக்கலைன்னா குட்டி மருந்தியல் படிச்சிட்டு என் கூட கடைக்கு வரட்டும். சரியா?"

குட்டி சித்தியைப் பார்த்தாள். சித்தி தலையை ஆட்டினாள். இரண்டு பேர் தலைவிதியும் ஒரே கயிற்றில் முடிச்சுப் போடப்பட்டது இப்படித்தான், கை கழுவுவதற்குள்.

சாப்பிட்டதும் குட்டி சித்தியின் வீட்டுக்குக் கிளம்பினாள். பள்ளியில் போட்டுக்காட்ட ஒரு நல்ல வீடியோ வேண்டுமாம். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. பால்கனியில் காயும் ரப்பர் உடையிலிருந்து சொட்டும் தண்ணீர் கீழ்வீட்டுத் துணியில் விழுந்து, வாரம் ஒரு சண்டை நிச்சயம். குட்டி மடிக்கணினியை எடுத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மூழ்கும்போது புல்லக்காவின் நெற்றியில் ஒரு கேமரா இருக்கும். பாதுகாப்புக்காக நிலையம் மாட்டச் சொன்னது. மூன்று வருடப் பதிவும் அப்படியே இருந்தது. ஒருவரும் பார்த்ததில்லை. மணிக்கணக்கில் தண்ணீரையும் புல்லையும் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

"எப்படி எண்ணுவீங்கன்னு சொல்லுங்க சித்தி. நான் கீழ எழுதிப் போடணும்."

புல்லக்கா சொன்னாள். குழாயால் செய்த ஒரு சதுரம், ஒரு முழ அகலம் இருக்கும். கடலடியில் கயிறு போட்டு, அதன் வழியே நீந்திக்கொண்டே போக வேண்டும். ஐந்து மீட்டருக்கு ஒருமுறை நின்று, கண்ணை மூடிக்கொண்டு சதுரத்தைக் கையிலிருந்து விட்டுவிட வேண்டும். எங்கே விழுகிறதோ அங்கே, அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் புல்லை மட்டும் எண்ண வேண்டும். மொத்தம் நாற்பது முறை. கண்ணை ஏன் மூட வேண்டும் என்றால், பார்த்துப் போட்டால் நமக்குப் பிடித்த இடத்தில் போட்டுவிடுவோம்.

குட்டி வீடியோவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புல்லக்கா தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள்.

"சித்தி, ஒண்ணு கேக்கணும். கண்ணை மூடுறதுக்கு முன்னாடி எதுக்கு ஒரு உதை உதைக்கிறீங்க?"

"எங்க உதைக்கிறேன்?"

"இதோ பாருங்க."

திரையில் கயிறு தெரிந்தது. அதன் ஐந்து மீட்டர்க் குறி தெரிந்தது. குறிக்கு நேர் கீழே வெறும் மணல். படம் ஒரு கணம் நின்றது. பிறகு மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது, ஒரு கை நீளம் இருக்கும். இப்போது கீழே பச்சைப் பசேல் என்று புல். சதுரம் ஆடி ஆடி அதன்மேல் விழுந்தது.

"நீரோட்டமா இருக்கும்" என்றாள் புல்லக்கா.

"அடுத்ததுல வலப்பக்கம் போறீங்களே?"

அடுத்ததையும் பார்த்தார்கள். அடுத்ததையும். நீரோட்டம் இல்லை. நீரோட்டமாக இருந்தால் புல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். புல் நிமிர்ந்து நின்றது. நகர்ந்தது இவள்தான். காலில் மாட்டிய ரப்பர்த் துடுப்பால் ஒரு சின்ன உதை, மணலை விட்டுப் புல்லுக்கு. அதன் பிறகுதான் கண் மூடியிருக்கிறது. கண் மூடியது இவளுக்குத் தெரியும். கால் உதைத்தது சத்தியமாகத் தெரியாது. குட்டி நோட்டில் கோடு போட்டு எண்ணினாள். நாற்பதில் முப்பத்தொன்று.

புல்லக்கா அந்தக் கோடுகளைப் பார்த்தாள். ஏன் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்குத் தெரியும். சதுரம் மணலில் விழுந்தால் உள்ளே ஒரு ஏமாற்றம் வரும். பொட்டல் மணலைப் பார்த்தால் செத்த வீட்டைப் பார்ப்பது போல இருக்கும். புல் மேல் விழுந்தால் மனசு குளிரும். அந்தக் குளிர்ச்சிக்குக் கால் ஆசைப்பட்டிருக்கிறது. புல்லை வெறுக்கிறவனால் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. பதினைந்து வருடம் இரும்பைப் பார்த்தவரும் செய்யவில்லை.

குட்டி மந்தம் இல்லை. மூன்று நிமிடத்தில் எல்லாம் பிடிபட்டுவிட்டது. கணக்கு, வியாழக்கிழமை, ஃபாரம். முகம் சுண்டிப்போயிற்று. மடிக்கணினியை மெதுவாக மூடினாள். நோட்டில் கோடு போட்ட தாளைக் கிழித்து, நான்காக மடித்துச் சித்தியின் கையில் வைத்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் சித்தி. ப்ராமிஸ். அம்மாகிட்ட கூட."

அவள் போன பிறகும் அந்தத் தாள் புல்லக்காவின் கையிலேயே இருந்தது. தேநீர் ஆறிப்போயிற்று.

திங்கட்கிழமை நிலையத்துக்குப் போனதும் கருவி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய பதிவுகளைப் பார்த்தாள். உள்ளுக்குள் ஒரு நப்பாசை. மூன்று வருடமும் ஒரே அளவு உதைத்திருந்தால், கூடியது எப்படியும் புல்தானே? பார்த்தாள். முதல் வருடம் நாற்பதில் ஒன்பது உதை. இரண்டாம் வருடம் பதினெட்டு. மூன்றாம் வருடம் முப்பத்தொன்று. இரண்டு மடங்கானது புல் என்று சொல்ல இனி வாய் இல்லை. வளர்ந்தது இவளுடைய பழக்கம்.

வெல்டர் படகுத்துறையில் நல்லதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சிலிண்டர்களிலிருந்து உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். புல்லக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, நீங்க சதுரத்தை எப்படிப் போடுவீங்க?"

"ஏன் மேடம், அதுலயும் தப்பா?"

"இல்லண்ணே. சும்மா கேக்கிறேன்."

"கயித்துக் குறி வந்ததும் கண்ணை மூடி விட்டுடுவேன். மணல்ல விழுந்தா மணல். நான் என்ன பண்ண? கப்பல்ல ஓட்டை இருந்தா ஓட்டை இருக்குன்னு எழுதணும் மேடம். நாம எழுதலைன்னா கப்பலே ஒருநாள் எழுதிடும்."

புல்லக்காவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 'போகப் போகப் பழகிடும்' என்று இவரிடம் சொன்னோமே என்று நினைத்தபோது உடம்பு கூசியது. நேரே டைரக்டர் அறைக்குப் போனாள்.

டைரக்டர் நல்ல மனுஷி. கத்தவில்லை. வீடியோவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அறிக்கையை நிறுத்தி வைக்கிறேன். புல்லுக்கு ஒரு கெடுதலும் வராது. அதை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"சரி மேடம்."

"ஆனா இதை வியாழக்கிழமை சொல்லாதே. இந்த இடம் இப்ப போச்சுன்னா மறுபடி எப்ப வரும்னு எனக்கே தெரியாது. நீ இங்க இருந்தாதான் இந்தத் தப்பையே சரிபண்ண முடியும். வேலை உறுதியாகட்டும். அடுத்த திங்கட்கிழமை வீடியோவைப் பாத்ததா வச்சுக்கோ. ஒரு வாரம்தானேம்மா? என்ன குடிமுழுகிப் போயிடும்?"

கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. புல்லுக்கு நஷ்டம் இல்லை, தடை நீங்கப் போவதில்லை. வெல்டருக்கும் ஒரு வாரம் கழித்து நியாயம் கிடைத்துவிடும். குட்டிக்குக் கையெழுத்து கிடைக்கும். புல்லக்கா, "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள். மறைக்க வேண்டியதில்லை, சொன்னாள், மனதாரவே சொன்னாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் கால்கூட லேசாக இருந்தது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நேர்காணலுக்குப் படங்களை அடுக்கினாள். முப்பத்தொன்று என்று எழுதிய தாள் பையிலேயே கிடந்தது. பேனா எடுக்கக் கையை விட்டால் அது விரலில் படும். புதன்கிழமை மாலை பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு அதை வெளியே எடுத்துப் பிரித்தாள். குட்டியின் கோடுகள் ஐந்தைந்தாகக் கட்டிப் போட்டது போல நேர்த்தியாக இருந்தன. அந்தப் பெண் வாழ்க்கையில் முதன்முதலாக எடுத்த கடல் கணக்கு இதுதான். முதல் கணக்கை எடுத்ததுமே மடித்து ஒளித்து வைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள். கற்றுக்கொண்டது யாரைப் பார்த்து?

ஒரு வாரம்தானே என்கிறார் டைரக்டர். ஒரு கை நீளம்தானே என்று இந்தக் காலும் நினைத்திருக்கும். பிடித்த பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டு, அப்புறம் கண்ணை மூடிக்கொள்வது. புல்லக்காவுக்குப் பொட்டில் அறைந்தது போல இருந்தது. பேருந்து வந்து, நின்று, இவளை ஏற்றாமலே போயிற்று.

வியாழக்கிழமை நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டர், துறைமுக அலுவலக அதிகாரி, வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். புல்லக்கா முதல் படத்தைப் போட்டாள். வரைபடம் இல்லை, வீடியோ. கயிறு, மணல், ஒரு நகர்வு, புல். டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுல நகர்றது நான்தான்" என்று ஆரம்பித்து, ஒன்பது, பதினெட்டு, முப்பத்தொன்று எல்லாவற்றையும் சொன்னாள்.  

"நகராம போட்ட ஒன்பது இருக்கே, அதை மட்டும் வச்சுக் கணக்குப் பாக்கலாமே?" என்றார் பேராசிரியர்.

"முடியாது சார். அந்த ஒன்பதுலயும் கீழ ஏற்கெனவே புல்லு இருந்துச்சு. அதனாலதான் நகரல."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். அதிகாரிக்குப் பொறுமை இல்லை. "இப்ப எனக்கு ஒண்ணு சொல்லுங்க. புல்லு வளர்ந்திருக்கா, இல்லையா?"

"தெரியல சார்."

"மூணு வருஷம் எண்ணிட்டுத் தெரியலங்கிறீங்க!"

"ஆமா சார். இந்த வருஷத்துக்கு மறுகணக்கு எடுத்தவர் கணக்கு சரி, ஒப்பிட்டுப் பாக்கத்தான் பழைய கணக்கு சரியில்ல. அவரைத் தப்பு சொன்னது நான். அதையும் எழுதிக்குங்க."

"நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார் பேராசிரியர், கொஞ்சம் மெதுவாக.

"என் அக்கா பொண்ணுக்குத் தெரியும் சார்" என்றாள் புல்லக்கா.

வெளியே வந்து முதல் வேலையாகக் குட்டிக்குப் போன் செய்தாள். "குட்டி, அந்த ப்ராமிஸ் வேணாம். நீ யார்கிட்ட வேணாலும் சொல்லலாம்."  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மறுநாளே கடிதம் வந்துவிட்டது. நிரந்தர இடம் நிறுத்திவைக்கப்படுகிறது. ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம், அதாவது பத்தாவது வருடம், மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவதற்காக. தடை தொடரும். எண்ணும் வேலைக்குப் பொறுப்பு வெல்டர். புல்லக்கா அவருக்குக் கீழே. டைரக்டர் பத்து நாள் இவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா மாடி ஏறி வந்தாள். மூச்சிரைக்க வந்து, கைப்பையிலிருந்து காதுக்கு விடும் சொட்டு மருந்தை எடுத்தாள். "படு. காதைக் காட்டு" என்றாள். புல்லக்கா படுத்தாள். மருந்து விட்டுக்கொண்டே திட்டினாள் அக்கா. ஒரு காது தலையணையில், ஒரு காதில் மருந்து. திட்டில் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியே போதுமானதாக இருந்தது.

"உன்னை யாருடி கேட்டா? அந்தம்மாவே ஒரு வாரம் பொறுன்னு சொன்னாங்களாமே! இவ்வளவு வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு வாரம் வாயை மூடிக்க முடியலையா?"

"நீ ஒருதடவை மாத்திரையை மாத்திக் கொடுத்துட்டு, கொட்டுற மழையில அவங்க வீட்டைத் தேடி ஓடினியேக்கா."

"ஓடினேன். கடையை எழுதிக் கொடுத்துட்டு ஓடலையே!" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுக் கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. தங்கையின் தலைமுடியைக் காதிலிருந்து ஒதுக்கிவிட்டு, பஞ்சை வைத்து அடைத்தாள். "மூணு வருஷமா ஒருத்தரும் பாக்காததை குட்டி எப்படிடி பாத்தா?" என்று கேட்டாள்.

"உன் பொண்ணு. நீ டாக்டர் கிறுக்கலைப் படிக்கிற மாதிரி அவ வீடியோவைப் படிக்கிறா."

"ஃபாரத்துல கையெழுத்துப் போடுவேன்னு மட்டும் நினைக்காதே."

"நினைக்கல."

"ஒருநாள் படகுல கூட்டிட்டுப் போ. வாந்தி எடுத்துட்டு வந்தா அவளே தெளிஞ்சிடுவா" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போனாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, குட்டியும் படகில் வந்தாள். எண்ணும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். முகம் வெளிறி, உதடு காய்ந்து, ஆனாலும் பலகையையும் பென்சிலையும் மட்டும் விடவில்லை. வெல்டர் புது முறை கொண்டுவந்திருந்தார். சதுரத்தை யாரும் கையால் விடுவதில்லை. எந்தக் கயிற்றில் எத்தனையாவது மீட்டரில், எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்று கணினி முன்கூட்டியே எண்களைக் கொடுத்துவிடும். அங்கே அளந்து வைத்து, இரண்டு தடவை எண்ண வேண்டியதுதான். ஆளுக்கு ஒரு கயிறு. பத்துச் சதுரம் வைத்து முடித்ததும் மேலே வந்து எண்களைச் சொல்ல வேண்டும், குட்டி எழுதிக்கொள்வாள்.

புல்லக்கா இறங்கினாள். காது ஆறியிருந்தது, கடல் எப்போதும்போல அவளை வாங்கிக்கொண்டது. முதல் இடத்தை அளந்தாள். மணல். ஒரு கை நீளத்தில், தொட்டுவிடும் தூரத்தில், புல் அடர்ந்து நின்றது. அதற்குள் விரல் நீளத்துக்கு ஒரு மீன்குஞ்சு புகுந்து மறைந்தது. இடது கால் எழும்பியது. இந்த முறை அது எழும்புவது அவளுக்குத் தெரிந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே இறக்கினாள். சதுரத்தை மணலில் வைத்தாள். உள்ளே எண்ண ஒன்றும் இல்லை. விதி விதிதானே, ஒன்றுமில்லாததை இரண்டு தடவை எண்ணினாள். அழுகை வந்தது. முகமூடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை. கண்ணீர் அடியில் தேங்கி மூக்கைத் தொட்டது. அழுதுகொண்டே அடுத்த இடத்துக்கு நீந்தினாள்.

பத்தும் முடிந்து மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குட்டி பலகையோடு குனிந்தாள்.

"முதல் சதுரம், சித்தி?"

"பூஜ்யம்."

குட்டியின் பென்சில் பலகைமேல் நின்றது. "பக்கத்துல புல்லு இருந்துச்சா?"

"இருந்துச்சு. நிறைய."

"நகர்ந்தீங்களா?"

"நகரல."

குட்டி பூஜ்யத்தை எழுதினாள். படகு ஆடியதில் கோணிவிட்டது. அழித்துவிட்டு, முழங்காலில் பலகையை அழுத்திக்கொண்டு, மறுபடியும் வட்டமாக எழுதினாள்.

"ரெண்டாவது?" என்றாள்.